இடுப்பில் காசு இருந்ததா?

என் மகள் தனுஷியா செத்துப்போனாள் என்பது எனக்கு உறுதியானது, கடல் வந்து ஆறு வருடம் கழித்து, மாசி மாதத்து ஒரு காலையில், அடுத்த வீட்டு வளவு நிரோஜினியின் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது. கிணற்றடியில் பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்களின் மேலே குப்புறக் கிடத்தி, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை முதுகில் ஊற்றி வழித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் கழித்துத் துடக்குப் போக்கியிருந்தார்கள். அன்றைக்குக் கட்டிய புது அரைஞாண்கொடி, கறுப்பு நூல், ஈரத்தில் விறைத்துக்கொண்டு நின்றது. பிள்ளையை மல்லாத்தினேன். தொப்புளுக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளிக்காசு. உடம்பெல்லாம் மயிர் முளைத்த ஒரு மனிசன், அம்மணமாக, வேரோடு பிடுங்கிய மரத்தைக் கையில் பிடித்தபடி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

அந்த மனிசனை எனக்குத் தெரியும். அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டது என் அப்பா சாமித்தம்பி. பட்டினத்துக் கோட்டைக்குப் பக்கத்தில், வாவியில் வீச்சுவலை போட்டு இழுத்தபோது சேற்றோடு வந்த காசு அது. கறுத்துக் கிடந்ததைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வைரவர், புள்ள, வைரவரே வந்திருக்கார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனுஷியாவின் முப்பத்தொன்றுக்கு ஆணியும் கல்லும் எடுத்துத் தானே துளை போட்டார். மனிசனுக்கு எல்லாத்திலும் அவசரம். தலைப் பக்கம் போடவேண்டிய துளையைக் கால் பக்கம் போட்டுவிட்டார். வைரவரை இப்பிடித் தலைகீழாகத் தொங்கவிட்டிட்டீங்களே என்று நான் கத்தினேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிடக்கட்டும் புள்ள. அவள் குனிஞ்சு பாக்கக்குள்ள அவளுக்கு நேராத்தானே தெரியும்" என்றார். தெரிந்தது. பேச்சு வந்த காலத்திலிருந்து அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, "மரத்து மாமா, சாப்பிட்டயா?" என்று கேட்பாள். தான் சாப்பிட மாட்டாள், மரத்து மாமாவுக்கு ஊட்டுவாள், கள்ளி.

நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள், பௌர்ணமிப் போயா ஞாயிறு, நான் வாவிக்கரையில் அப்பாவின் வலையில் இறால் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் நாலரை வயதுப் பிள்ளை கடற்கரைப் பக்கத்து வீட்டில் என் மாமியோடு இருந்தாள். எங்கள் செட்டிபாளையம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஊர். வாவி அன்றைக்குச் சும்மா கிடந்தது. கடல்தான் வந்தது. மாமி, வீடு, கிணற்றுக்கட்டு, தென்னை எல்லாவற்றையும் கொண்டுபோனது. என் மனிசன், பிள்ளையின் தகப்பன், கட்டாரில் வேலையில் இருந்தார். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று தொலைபேசியில் ஒருதரம் சொன்னார். அதற்குப் பிறகு தொலைபேசியும் இல்லை, மனிசனும் இல்லை.

நாங்கள் அகதியாய்ப் பள்ளிக்கூடத்தில் கிடந்தபோதுதான் சுதாகரன் வந்தான். அப்போது அவனுக்கு இருபது வயது இருக்கும். எங்கள் தெருப் பொடியன். பிரேதம் தூக்கிய இளைஞர்களில் அவனும் ஒருத்தன். கையெல்லாம் சுண்ணாம்பு. "அக்கா, தனுஷியாவ நான்தான் எடுத்தன். மஞ்சச் சட்டை. மற்றப் புள்ளயளோட பெரிய கிடங்கு வெட்டி, அதுக்குள்ள வெச்சு மூடிட்டம்" என்றான். முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். "முகம் தெரியிற மாதிரி இல்ல அக்கா." நான் அவன் சட்டையைப் பிடித்தேன். சுற்றிவர ஊர்ச்சனம் பார்த்துக்கொண்டு நின்றது.

"இடுப்பில காசு இருந்ததா?"

அவன் சனத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இல்ல அக்கா. அறுணாக்கொடியே இருக்கல்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏன் வராது? மஞ்சள் சட்டை ஆருடைய பிள்ளைக்குத்தான் இல்லை, அந்த வருடத் தீபாவளிக்கு அதுதான் மலிவாக விற்றது. ஆனால் என் பிள்ளையின் கொடி அறுகிற கொடியில்லை. அப்பா வலைநூலை முறுக்கித் திரித்தது. பாரை மீன் இழுத்தே அறாத நூல், கடல் இழுத்தா அறும்? கொடி இல்லாத பிள்ளை என் பிள்ளை இல்லை. கிடங்கில் கிடப்பது வேறு ஆரோ பெற்றது. என்னுடையவள் எங்கோ இருக்கிறாள். அன்றைக்கு எழும்பித் தேடப் புறப்பட்டவள்தான் நான்.

அம்பாறை ஆசுபத்திரி, பொலநறுவையில் பிள்ளைகள் இல்லம், காத்தான்குடியில் சனம் தங்கியிருந்த பள்ளிவாசல், எல்லாம் போனேன். காத்தான்குடி ஆமினா உம்மா என்னை உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டு, தன் வளவில் தங்கியிருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினா. எங்கே போனாலும் கரித்துண்டால் அந்தக் காசைக் கீறிக் காட்டுவேன். வீடு கட்டிக் கொடுக்க வந்த நிறுவனத்தில் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள், ஜேர்மன்காரி. நான் கீறியதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். மொழிபெயர்க்கிறவர் சொன்னார்: இது இவட நாட்டுக் காசாம். அந்தக் காலத்தில் அந்த நாடு துண்டு துண்டாகச் சின்னச் சின்ன அரசுகளாய்க் கிடந்ததாம். அதில் ஒரு சிற்றரசன் தன் மலையில் தோண்டிய வெள்ளியில் அடித்த காசாம். இது வைரவரில்லை, காட்டு மனிசனாம். கோட்டையில் இருந்த ஒல்லாந்தருக்குக் கூலிக்குச் சண்டை பிடிக்க வந்த எந்தச் சோல்தாதுச் சிப்பாயின் சட்டைப்பையில் இருந்து வாவியில் விழுந்ததோ என்றாள். இன்னொரு காசு இந்தப் பக்கத்தில் இருக்கவே இருக்காது, ஆகவே இதைக் கண்டால் உன் மகளைக் கண்ட மாதிரி என்று சொல்லி, நான் கீறிய படத்தைக் கட்டுக் கட்டாக அச்சடித்துத் தந்தாள்.

அந்தத் தாள்களைக் கல்லடிப் பாலத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் தூணுக்குத் தூண் ஒட்டியது ஆர் தெரியுமா? சுதாகரன். மாவைக் கிண்டிப் பசை காய்ச்சி, வாளியைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, "நீங்க வெயிலுக்குள்ள நில்லாதீங்க அக்கா, நான் ஒட்டுறன்" என்றான். நல்ல பொடியன் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

யுத்தம் முடிந்தது என்று சந்தியில் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு கொடுத்த வைகாசியில், எனக்கு வேறொரு நினைப்புப் பிடித்துக்கொண்டது. கடலுக்குப் பிறகு பிள்ளைகளை வன்னிக்குக் கொண்டுபோனார்கள் என்று ஆரோ எப்போதோ சொன்னது. வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள்ளே லட்சம் சனம் என்றார்கள். அதற்குள் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று இருக்கக்கூடாதா? போனேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் தண்ணீர் வரிசையில் நின்ற பெட்டைப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, "மகள், உன்ட இடுப்பில காசு இருக்கா?" என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்து ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினாள். விலா எலும்புதான் இருந்தது. அந்தப் பயணத்துக்கு என் பையைத் தூக்கிவந்து, பஸ்ஸில் யன்னலோரம் இடம் பிடித்துத் தந்து, தண்ணீர்ப் போத்தலும் வாங்கித் தந்தவனும் அவன்தான். நாசமாய்ப் போறவன். வாயைத் திறந்து ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பேன்.

இப்போது, நிரோஜினியின் கிணற்றடியில், அந்தக் காசு என் கையில், சுதாகரனுடைய பிள்ளையின் இடுப்பில்.

"அக்கா, காசு எப்பிடி இருக்கு?" என்றாள் நிரோஜினி, துவாயோடு வந்து நின்று. "அவர்ட பெட்டிக்குள்ள சித்தாலேபக் களிம்பு டப்பாவில கிடந்த. பழைய வெள்ளி போல. தட்டாரிட்டக் குடுத்துச் செய்யிறதுக்கு இப்ப எங்க காசு? இதையே கட்டிட்டன். அவருக்குச் சொல்லல்ல, வரக்குள்ள பாக்கட்டும்." பாவி, அவளுக்கு என்ன தெரியும்? நாங்கள் தேடிய வருடங்களில் அவள் குவைத்தில் ஆருடைய வீட்டையோ கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த உழைப்பில்தான் தாய் கொடுத்த வளவில் இந்த வீட்டைக் கட்டினாள். கட்டிய வீட்டுக்குச் சுதாகரன் மாப்பிள்ளையாக வந்து ஏறினான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண் வந்து இருப்பவன். பிள்ளை பிறந்ததைப் பார்த்துவிட்டு, கிளிநொச்சியில் றோட்டு வேலைக்குப் போயிருந்தான்.

பிரேதத்தில் இருந்து எடுத்த ஒன்றை உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கட்ட எங்கள் ஊரில் எந்தத் தாயும் துணிய மாட்டாள். ஒரு சொல் சொன்னால் போதும், அவள் அந்த இடத்திலேயே அலறியிருப்பாள். என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பிறகு நினைத்தேன், இவளிடம் ஏன் சொல்லவேண்டும்? அவன் வரட்டும். தான் அறுத்தெடுத்ததைத் தன் பிள்ளையின் இடுப்பில் அவனே பார்க்கட்டும். அந்த முகத்தை நான் பார்க்கவேண்டும்.

"நல்ல காசு புள்ள" என்றேன். "கழட்டிப்போடாத. ஆருக்கும் காட்டாத, கண்படும்."

அழுதேனா என்று கேட்டால், அழவில்லை. தேடினபோது அழுதேன். இப்போது அழுகைக்கு இடமில்லை, அந்த இடத்தில் வேறொன்று வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தினமும் காலையில் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டினேன். மதுரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். என்னைக் கண்டால் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கும். நான் காசைத்தான் பார்ப்பேன். கறுக்கத் தொடங்கினால் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து மினுக்குவேன். "அக்காவுக்கு என்ட புள்ளையில எவ்வளவு பாசம்" என்று நிரோஜினி எல்லோருக்கும் சொன்னாள். பங்குனியில் பிள்ளைக்கு ஒருநாள் காய்ச்சல் கொதித்தது. அவள் குழறிக்கொண்டு ஓடிவந்தாள். என் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அந்தப் பிஞ்சு எனக்கு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, தெரியும். தெரிந்தும் இனித்தது. பிறகு நான்தான் ஈரத்துணி போட்டுப் போட்டு, ஓட்டோ பிடித்து, அதைக் களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் வரும்வரைக்கும் பிள்ளை சுகமாக இருக்கவேண்டுமே.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தது. குளிர்த்திக்கு எங்கே இருந்தாலும் எங்கள் ஊர்ச்சனம் வந்துவிடும். நியாயம் கேட்டுக் கொதித்த அம்மனைக் குளிரப்பண்ணுகிற சடங்கு. குளிர்த்தி நாளில் மத்தியானம் தாண்டி அவன் பையோடு படலைக்குள் நுழைந்தபோது, நான் வேண்டுமென்றே பிள்ளையை அந்நேரம் மறுகா ஒருதரம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெயில் நேரே கிணற்றடியில் விழுந்தது. அவன் கறுத்து மெலிந்திருந்தான். பிள்ளையைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"இந்தா, உன்ட மகன்" என்று ஈரத்தோடு இரண்டு கையாலும் தூக்கி நீட்டினேன்.

வாங்கினான். தூக்கி உயர்த்தினான். காசு அவன் கண்ணுக்கு நேரே வந்து ஆடியது. அவன் சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. இந்த முகத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஆசைதீரப் பார்த்தேன்.

"சுதாகரன், உன்னட்ட ஒண்டு கேக்கணும். முந்தியும் கேட்டனான். இடுப்பில காசு இருந்ததா?"

தேத்தண்ணியோடு வந்த நிரோஜினி சிரித்தாள். "என்ன அக்கா கேக்கிறீங்க? கண்ணுக்கு முன்னால தொங்குது."

"இத ஆரு கட்டின?" என்றான் அவன்.

"நான்தான். உங்கட பெட்டியில கிடந்த."

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் முடிச்சைப் பிடுங்கினான். ஈரமுடிச்சு, அவிழவில்லை. விரல் வழுக்கியது. பிள்ளை அழத் தொடங்கியது.

"பிறகு கழட்டலாம். இப்ப சொல்லு" என்றேன்.

"ஓம் அக்கா. இருந்த." அவன் பிள்ளையோடு பலகையில் உட்கார்ந்தான். "உங்களுக்குக் காட்டத்தான் அறுத்தெடுத்தன். சத்தியமா. வாறவழியில, பிரேதத்தில தோடு கழட்டினான் எண்டு ஒருத்தனக் கட்டிவெச்சு அடிச்சிக்கொண்டிருந்தாங்க. நீங்க அவ்வளவு சனத்துக்கு முன்னால சட்டையைப் பிடிச்சுக் கேட்டீங்க. பயத்தில இல்ல எண்டிட்டன். மறுகா எப்பிடி ஓம் எண்டு சொல்ற?"

"வவுனியா பஸ்ஸில ஏத்திவிடக்குள்ளயும் பயமா?"

அவன் மறுபடியும் முடிச்சைப் பிடுங்கினான்.

நிரோஜினி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். அவன் மடியிலிருந்து பிள்ளையைப் பறித்தெடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பாக்குவெட்டியால் கொடியை நறுக்குகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து காசை என் உள்ளங்கையில் வைத்தாள், நூலோடு. அவள் கை நெருப்பாய்ச் சுட்டது.

"அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "முதல் நாளே" என்றேன்.

"மாசியிலயா? மாசியில இருந்து என்ட புள்ளையில தொங்கவிட்டுப் பாத்துக்கொண்டிருந்தயா?" அதுவரைக்கும் நீங்க என்றவள். அவனைப் பார்த்த அதே பார்வையால் என்னையும் பார்த்தாள். அவனுடைய பையைத் தூக்கிப் படலைக்கு வெளியே எறிந்தாள். "ரெண்டு பேரும் வெளிக்கிடுங்க. இது என்ட வீடு." கதவு சாத்தப்பட்டது. உள்ளே பிள்ளையைத் தலையோடு முழுக்காட்டுகிற தண்ணீர்ச் சத்தம், வாளி வாளியாக.

வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக நான் கிறுகித் திரும்பிப் போக வரவில்லை.

"வா" என்றேன் சுதாகரனிடம். "எங்க வெச்ச எண்டு காட்டு."

அவன் முன்னால் நடந்தான். கோயிலில் உடுக்குச் சத்தம் தொடங்கியிருந்தது. பட்டுடுத்து, பூவும் பழமும் வைத்த மடைத் தட்டோடு போனவர்கள் எங்களைப் பார்த்து, கோயில் இஞ்சால எலுவா, அங்கால எங்க போறீங்க என்று சிரித்தார்கள். கடற்கரைக்கு வந்தபோது அவன் நின்றான். கிடங்கு வெட்டிய இடமெல்லாம் இப்போது சவுக்குக் காடு. கடல் வந்த பிறகு, இனிமேல் வந்தால் தடுக்கட்டும் என்று வரிசை வரிசையாக நட்ட மரங்கள், தலைக்கு மேலே வளர்ந்து இரைந்துகொண்டிருந்தன.

"இஞ்சதான் அக்கா, இந்தப் பக்கம்தான்." ஒரு மரத்தடிக்குப் போனான். திரும்பிப் பார்த்தான். இன்னொரு மரத்தடிக்குப் போனான். "அப்ப மரம் இருக்கல்ல. ஒரு வள்ளம் கவுண்டு கிடந்த. அதுக்கு நேர தென்னங்குத்தி ஒண்டு. அதுக்கும் வள்ளத்துக்கும் நடுவில வெச்சன். நானே கையால வெச்சன் அக்கா." வள்ளமும் இல்லை, குத்தியும் இல்லை. எல்லா மரமும் ஒரே மரம்.

நான் மணலில் உட்கார்ந்தேன்.

"தேடு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, சருகை விலக்கி, மரத்துக்கு மரம் போகத் தொடங்கினான். கொஞ்சநேரத்தில் முழங்காலில் விழுந்து, கையால் மணலைக் கிண்டினான். கிண்டிய இடத்தைவிட்டு வேறு இடம் போனான். அழுதான் போலிருந்தது, சவுக்கு இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. அம்பாறையில் நான் அழுதது ஆருக்குக் கேட்டது? கோயிலில் குளிர்த்தி பாடுகிற சத்தம் காற்றில் வந்துவந்து போனது. அம்மன் குளிர்ந்திருப்பா. நான் குளிரவில்லை.

வெயில் வாவிப் பக்கம் இறங்கிவிட்டது. அறுந்த நூலை இரண்டு விரலால் பிடித்துக் காசை என் வயிற்றுக்கு நேரே தொங்கவிட்டேன். குனிந்து பார்த்தேன். அப்பா சொன்னது சரிதான். குனிந்து பார்க்கிறவளுக்கு அந்த மனிசன் நேராகத்தான் நின்றான், மரத்தைப் பிடித்தபடி.

"அக்கா, இருளுது" என்றான் சுதாகரன் மரங்களுக்குள்ளிருந்து.

நான் நிமிரவில்லை.

"தேடு."